மாதச் சந்தா கட்டியவர், ஒரே தடவை வாங்கியவர்: இண்டி கேம் அப்டேட்டை யாருக்கு எப்போது தருவது?

என் விஷுவல் நாவலின் (படங்களோடு படித்து, தேர்வு செய்துகொண்டே விளையாடும் கதை கேம்) மூன்றாம் அத்தியாயத்தை வெளியிட்ட இரவு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் எட்டு மாதமாக மாதம் 5 டாலர் கட்டி வருபவர்: “ஸ்டீமில் வந்தா நான் மறுபடி காசு கொடுத்து வாங்கணுமா?” இன்னொருவர் இட்ச் தளத்தில் 12 டாலருக்கு வாங்கியவர்: “முழு விலை கொடுத்துட்டேன். எனக்கு ஏன் இன்னும் இரண்டாம் அத்தியாயத்தோட நிக்குது?”

இரண்டு பேர் கேட்டதும் நியாயம். இருவருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. யாருக்கு, எப்போது, என்ன என்பதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மனதுக்குள் இருந்தது, அதுவும் வாரத்துக்கு ஒரு மாதிரி.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கு செய்துகொண்ட வரிசைதான் கீழே இருப்பது. ஒரு கேமை அத்தியாயம் அத்தியாயமாகச் செய்துகொண்டே, ஒரு காலை மாதச் சந்தா வாங்கும் பேட்ரியன் தளத்திலும் இன்னொரு காலைக் கேம் விற்கும் இட்ச் அல்லது ஸ்டீம் தளத்திலும் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முழு கேமையும் முடித்துவிட்டு ஒரே நாளில் விற்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

முதல் படி: யாரிடம் எதை விற்கிறீர்கள்?

இரண்டு எல்லைகளை முதலில் பாருங்கள். லண்டனில் இருக்கும் ஃபெயில்பெட்டர் கேம்ஸ் 2009-லிருந்து ஃபாலன் லண்டன் என்ற கேமை பிரவுசரில் இலவசமாக நடத்துகிறது. அதில் மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு மாதம் ஒரு புதுக் கதை வரும். மாதக் காசுக்கு மாதப் பொருள், கணக்கு நேராக இருக்கிறது. மறுபக்கம் ஸ்டார்டியூ வேலி. 2016 பிப்ரவரியில் 15 டாலருக்கு வந்தது. 2024 மார்ச்சில் வந்த 1.6 அப்டேட்வரை பழையவர்கள் யாரும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு அப்டேட்டும் புதிதாக வாங்க வருபவர்களை இழுத்து வந்தது, அந்தக் காசில் அடுத்த வேலை நடந்தது.

நம்மைப் போன்றவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். முடியாத கேமை விற்கிறோம், அதை முடிக்கச் சந்தாவும் வாங்குகிறோம். இங்கே சந்தாதாரர் வாங்குவது நேரத்தை: சீக்கிரம் கிடைப்பது, கூடவே இருப்பது, வாக்கெடுப்பில் கை தூக்குவது. ஒரே தடவை வாங்கியவர் வாங்குவது பொருளை. இதைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் எந்தப் படியும் சரியாக வராது.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர் சூடாகச் சாப்பிடுகிறார், சாம்பாரில் உப்பு குறைவு என்பதையும் அவர்தான் சொல்கிறார். இரண்டாம் பந்திக்குத் திருத்திய சாம்பார் வருகிறது. யாருக்கும் மனக்குறை இல்லை. பாயசம் முதல் பந்திக்கு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

அதனால் என் முதல் விதி: கேமுக்குள் இருக்கும் எந்தக் காட்சியும், எந்த முடிவும் சந்தாதாரருக்கு மட்டும் என்று நிரந்தரமாக ஒதுக்கக் கூடாது. வரைபடங்கள், வால்பேப்பர், வேலை நடக்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட், நன்றிப் பட்டியலில் பெயர் இவையெல்லாம் சரி. ரிம்வேர்ல்ட் கேமில் உங்கள் பெயரை ஒரு பாத்திரத்துக்கு வைக்கும் பேக்கைத் தனியாக விற்றார்கள். அதனால் மற்றவர் கேமில் எதுவும் குறையவில்லை, அதனால் பிரச்சினையும் இல்லை. ‘சந்தாதாரருக்கு மட்டும் ஒரு காட்சி’ என்று ஆரம்பித்தால் வாங்கியவர் கையில் இருப்பது ஓட்டைப் பொருளாகிவிடும். தவிர, நீங்கள் இரண்டு ஸ்கிரிப்ட்டை ஆயுசு முழுக்கப் பராமரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வாக்குறுதிக்கு ஒரு கடைசித் தேதி

ஆரம்பத்தில் யாரும் வாங்காதபோது வாய்க்கு வந்ததைச் சொல்லத் தோன்றும். “இப்போ வாங்கினா இனி வரப்போறது எல்லாம் இலவசம்!” மைன்கிராஃப்ட் அப்படித்தான் விற்றது. ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனைக் காலத்தில் வாங்கியவர்களுக்குப் பின்னால் வரும் எல்லாப் பதிப்பும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். 2010 டிசம்பர் 20-ல் பீட்டா என்ற அடுத்த சோதனைக் கட்டத்துக்குப் போனபோது புதியவர்களுக்கு அந்த வாக்குறுதியை நிறுத்தினார்கள், பழையவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமைச் செய்த ஸ்குவாடும் இதே வழியில் மாட்டியது. 2013-ல் விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழுந்து, வாங்கியவர்கள் கொதித்து, கடைசியில் அந்த ஏப்ரல் முடியும்வரை வாங்கியவர்களுக்கு வரப்போகும் விரிவாக்கங்கள் இலவசம் என்றார்கள். முதல் விரிவாக்கம் வந்தது 2018 மார்ச்சில். ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன சொல்லை அப்போது காப்பாற்ற வேண்டியிருந்தது, காப்பாற்றினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இது: அந்த இரண்டு நிறுவனங்களிடமும் ஒரு தேதி இருந்தது. ‘இந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்’ என்ற கோடு இல்லாவிட்டால் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றே தெரியாது. எதைச் சொன்னாலும் எதுவரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் கேமுக்கு நான் எழுதியது: “இந்த விலையில் இந்தக் கதையின் ஆறு அத்தியாயங்களும் உண்டு. இதன் பிறகு வரும் தனிக் கதை எதுவும் இதில் சேராது.” அவ்வளவுதான்.

ஸ்டீமில் எர்லி ஆக்சஸ் (முடியாத கேமை முன்கூட்டியே விற்பது) போடப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வரப்போகும் அம்சங்களைக் குறிப்பிட்டு வாக்குறுதி தராதீர்கள் என்பது ஸ்டீமை நடத்தும் வால்வின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இப்போது கையில் இருக்கும் கேம் எப்படியோ அதை வைத்தே ஒருவர் வாங்க முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல விதி. நமக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூன்றாம் படி: காகிதமும் பேனாவும்

கணக்குப் போடாமல் முடிவெடுப்பவர்களே அதிகம். போட்டுப் பார்க்கலாம்.

2025 ஆகஸ்ட் 4-க்குப் பிறகு தொடங்கும் பேட்ரியன் பக்கங்களுக்கு 10% கமிஷன். அதன் மேல் பேமெண்ட் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 3 டாலருக்கும் அதற்குக் கீழும் என்றால் 5 சதவீதமும் 10 சென்ட்டும். ஒருவர் 5 டாலர் கட்டினால் உங்களுக்கு வருவது சுமார் 4 டாலர் 5 சென்ட். 1 டாலர் கட்டினால் 75 சென்ட். இதில் வரி, பணமாற்றுக் கட்டணம் எதையும் இன்னும் கழிக்கவில்லை.

இட்சில் 12 டாலருக்கு விற்றால், அவர்கள் இயல்பாக வைத்திருக்கும் 10 சதவீதப் பங்கும் பேமெண்ட் கட்டணமும் போகச் சுமார் 10 டாலர் 15 சென்ட். அந்தப் பங்கை நீங்களே கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஸ்டீமில் 30% போனால் 8 டாலர் 40 சென்ட்.

இப்போது அந்த எட்டு மாதச் சந்தாதாரரைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் அவர் ஸ்டீமில் வாங்கியவருக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டார். மூன்றாவது மாதத்தில் இட்சில் வாங்கியவரையும் தாண்டிவிட்டார். எட்டு மாதத்தில் அவர் எனக்குத் தந்தது முப்பது டாலருக்கு மேல். அவரிடம் போய் ஸ்டீமில் மறுபடி வாங்குங்கள் என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வது? மொத்தமாகக் கட்டிய தொகை கேமின் விலையைத் தாண்டிவிட்டால் கேமும் அவருடையது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எண்ணிக்கை ‘மாதம்’ அல்ல, ‘தொகை’. நடுவில் இரண்டு மாதம் கையில் காசில்லாமல் விட்டுவிட்டு வந்தவருக்கும் இது நியாயமாக இருக்கும்.

மாதம் 1 டாலர் சந்தா வகையை வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் வையுங்கள், ஆனால் சீக்கிர பில்ட் (பொதுவுக்கு முன்பே தரும் கேம் பதிப்பு) அதில் வேண்டாம். 2017 டிசம்பரில் பேட்ரியன் பேமெண்ட் கட்டணத்தைச் சந்தாதாரர் தலையில் கட்டப் பார்த்தபோது முதலில் எழுந்து போனவர்கள் ஒரு டாலர், இரண்டு டாலர் கட்டியவர்கள்தான். எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். சின்னத் தொகை கட்டுபவர்கள் பாசத்தில் கட்டுகிறார்கள். பாசத்துக்கு நன்றி போதும். இன்னொன்று, ஐபோன் செயலிக்குள்ளேயே சேர்ந்தால் ஆப்பிளின் 30 சதவீதமும் அந்தக் காசில் ஏறும். இணையதளம் வழியாகச் சேருங்கள் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி (கார்டுக்காரரின் முன் ஒப்புதலைப் பதிவது) வந்தது. வெளிநாட்டுத் தளங்களின் மாதச் சந்தா பல இந்தியக் கார்டுகளில் முதல் மாதம் போய், இரண்டாம் மாதம் நின்றுவிடும். கட்ட மனமிருந்தும் கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் மூன்று கார்டு மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் “அண்ணா, நான் இட்சிலேயே 20 டாலர் போட்டுடறேன், விடுங்க” என்றார். அவரை நான் ஆதரவாளர் பட்டியலில்தான் சேர்த்தேன். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி திறந்து வைப்பது நல்லது: இட்சில் விலைக்கு மேல் விருப்பப்படி தரலாம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் தந்தவருக்கும் சீக்கிர பில்ட் உண்டு என்று.

நான்காம் படி: இடைவெளி எத்தனை நாள்?

சந்தாதாரருக்குத் தந்து எத்தனை நாள் கழித்து வாங்கியவருக்குத் தருவது? சண்டை வரும் இடம் இதுதான்.

ஒரு வாரம் என்றால் சந்தாதாரர் “இந்த ஏழு நாளுக்கா நான் மாசாமாசம் கட்டறேன்?” என்று நினைப்பார். ஆறு மாதம் என்றால் வாங்கியவர் டிஸ்கார்ட் அரட்டையில் கதையின் முடிவு வரை கேட்டு முடித்திருப்பார், பிறகு அவருக்கு எதற்கு அப்டேட்? நான் மூன்று வாரத்தில் நின்றேன். என் அத்தியாயங்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று வருகின்றன. மூன்று வாரம் என்பது அதில் கால்வாசி. பக் (கேமில் உள்ள பிழை) வெளியே வர அது போதும், வாங்கியவரின் பொறுமைக்கும் அதுவே எல்லை. உங்கள் அப்டேட் மாதம் ஒன்று என்றால் பத்து நாள் போதும். அடுத்த சந்தாதாரர் பில்ட் வருவதற்கு வெகு முன்பே முந்தையது எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். இரண்டு அத்தியாயம் பின்தங்கிவிட்டால் வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

10 டாலர்காரருக்கு முதல் நாள், 5 டாலர்காரருக்கு ஏழாம் நாள், 3 டாலர்காரருக்குப் பதினாலாம் நாள் என்று படிக்கட்டு கட்டுபவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை செய்தேன். ஒரே பக்குக்கு மூன்று விதமாகப் பதில் எழுதிக் களைத்துப்போனேன். யார் கையில் எந்த பில்ட் என்று எனக்கே தெரியவில்லை. சீக்கிர பில்ட்டுக்கு ஒரே ஒரு வகை வையுங்கள்.

அப்புறம், ஒரு மாதம் சேர்ந்து பில்ட்டை இறக்கிக்கொண்டு மறுநாளே விலகுபவர்கள். இவர்கள்மேல் கோபப்பட்டு இடைவெளியை மாற்றுவது, பழைய பில்ட்டுகளைப் பூட்டுவது என்றெல்லாம் இறங்காதீர்கள். அவர் 5 டாலருக்கு ஒரு அத்தியாயம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இட்சில் முழுக் கேமும் 12 டாலர் என்பதை வைத்துப் பார்த்தால் நமக்கு நஷ்டமில்லை.

ஐந்தாம் படி: பில்ட் ஒன்றுதான், தேதிதான் இரண்டு

சந்தாதாரருக்கு ஒரு கிளை, பொதுவுக்கு ஒரு கிளை என்று கேமின் நிரலைப் பிரிக்காதீர்கள். ஒரே கிளை. சந்தாதாரருக்குப் போனது பதிப்பு 0.4.0. அதில் வந்த பக்குகளைத் திருத்தியது 0.4.1, 0.4.2. மூன்று வாரம் கழித்துப் பொதுவில் போவது அந்த வரிசையின் கடைசி எண். பொதுவில் வைக்கும் அதே ஃபைலை அதே நாளில் சந்தாதாரர் பக்கத்திலும் வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் பாட்டி வீட்டுக் காட்சியில் ஒரு தேர்வைத் தொட்டால் கேம் நின்றுவிடும். சந்தாதாரர்கள் சொன்னார்கள், திருத்தினேன், திருத்தியதை இட்சில் ஏற்றினேன். சந்தாதாரர் பக்கத்தில் ஏற்ற மறந்துவிட்டேன். பக்கைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் கையில் பக் உள்ள பில்ட், சும்மா காத்திருந்தவர் கையில் நல்ல பில்ட். பதினோரு நாள் கழித்துத்தான் ஒருவர் மெதுவாக, “எங்களுக்கும் கிடைக்குமா?” என்று கேட்டார். அந்த மெதுவான குரல்தான் கூசச் செய்தது.

அடுத்தது சேவ் ஃபைல், அதாவது விளையாட்டை நிறுத்திய இடத்தைச் சேமித்து வைப்பது. சந்தாதாரர் 0.4.0-ல் சேவ் செய்வார், மூன்று வாரம் கழித்து 0.4.2-ல் திறப்பார். ரென்பையில் (விஷுவல் நாவல் செய்யும் மென்பொருள்) செய்பவர்களுக்கு மூன்று விஷயம்:

புதிய மாறிகளை (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்கள்) ‘டிஃபால்ட்’ என்ற வரியால் அறிவியுங்கள். நாயகன் பாட்டியிடம் எத்தனை முறை உண்மை பேசினான் என்று எண்ண நான்காம் அத்தியாயத்தில் ஒரு மாறி சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அதைக் கேமின் தொடக்க லேபிளுக்குள் (ஸ்கிரிப்ட்டில் பெயரிட்ட ஒரு பகுதி) பூஜ்யம் என்று எழுதினால், இரண்டாம் அத்தியாயத்தில் சேவ் செய்தவர் அந்தத் தொடக்கத்தை மறுபடி கடக்கவே மாட்டார். நான்காம் அத்தியாயத்தில் அப்படி ஒரு மாறியே இல்லை என்று கேம் விழும். ‘டிஃபால்ட்’ என்று எழுதினால் பழைய சேவைத் திறக்கும்போதே அந்த மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சந்தாதாரர் பில்ட்டுக்கும் பொது பில்ட்டுக்கும் நடுவில் லேபிள் பெயரை மாற்றாதீர்கள், நீக்காதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், அறையை இடிக்கக் கூடாது.

சேவ் போகும் ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒவ்வொரு அப்டேட்டிலும் சேவ் எல்லாம் ‘காணாமல்’ போகும். பெயர் ஒன்றாக இருந்தால் இட்சிலிருந்து ஸ்டீமுக்கு மாறுபவருக்கும் அதே கணினியில் பழைய சேவ் அப்படியே கிடைக்கும்.

ஆறாம் படி: எந்தக் கடையில் எதை வைப்பது

இட்ச் இதற்கு வசதி. என் ஏற்பாடு இது: பொதுப் பக்கம் ஒன்று, அனுமதி உள்ளவர் மட்டும் திறக்கும்படி ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று வைத்த ஆதரவாளர் பக்கம் ஒன்று. இரண்டாவதற்கு டவுன்லோட் கீ (கேமைப் பெற உதவும் தனிக் குறியீடு) தயாரித்துச் சந்தாதாரர்களுக்குத் தருகிறேன். பொதுப் பக்கத்தில் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைக்கலாம் என்பதால் முதல் அத்தியாயம் இலவசமாகவும் முழு ஃபைல் 12 டாலராகவும் இருக்கிறது. ஏற்றுவதற்கு அவர்களின் பட்லர் கருவியைப் பழகிக்கொள்ளுங்கள். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். 900 எம்பி கேமில் நான்கு படம் மாற்றிய அப்டேட்டுக்காக முழுதையும் ஏற்றி இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சீக்கிர பில்ட்டை 20 டாலர் ஃபைலாகப் பொதுப் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஏற்கனவே 12 டாலர் கொடுத்தவர் பக்கத்தைத் திறந்ததும் பூட்டிய ஃபைல் ஒன்று முதலில் கண்ணில் படும். அவருக்கு அது சந்தோஷமான காட்சி இல்லை. கூடுதலாகத் தந்தவருக்கு நான் ஆதரவாளர் பக்கத்தின் கீயை அனுப்பிவிடுகிறேன்.

ஸ்டீம் வேறு மாதிரி. பாஸ்வேர்ட் வைத்த பீட்டா கிளை ஒன்றைத் திறந்து சீக்கிர பில்ட்டை அங்கே வைக்கலாம், ஆனால் அதைத் தொடச் சந்தாதாரரின் ஸ்டீம் லைப்ரரியில் கேம் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் கசியும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாற்றுங்கள். ஸ்டீம் கீயை வெளியே தருவதில் வால்வின் நிலை தெளிவு: ஸ்டீமில் வாங்கியவர் மற்றவரைவிட மோசமான நிலையில் இருக்கக் கூடாது. ஸ்டீம் விற்பனைக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குக் கீ கேட்டால் மறுக்கவும் செய்வார்கள். அதனால்தான் ஸ்டீமுக்கும் இட்சுக்கும் நான் ஒரே பொதுத் தேதியை வைத்திருக்கிறேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம்: வெளியே பெற்ற கீயால் கேமைச் சேர்த்தவர்கள் எழுதும் விமர்சனம் ஸ்டீமின் மதிப்பெண்ணில் சேராது. 2016 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். மதிப்பெண் தெரியவே பத்து விமர்சனம் வேண்டும். உங்கள் மேல் உயிராக இருக்கும் ஆதரவாளர்கள் எல்லோருக்கும் கீ கொடுத்துவிட்டால் வெளியான அன்று பாராட்டுகள் நிறைய இருக்கும், எண்ணில் எதுவும் ஏறாது. அதற்காகக் கீ தராமல் இருக்கலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன், கடன் கடன்தான். இந்த விவரத்தை அவர்களிடம் ஒரு தடவை சொல்லுங்கள். சிலர் தாமாகவே ஸ்டீமில் இன்னொரு பிரதி வாங்குவார்கள். கெஞ்ச வேண்டாம்.

ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பப் பெறலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரக் கதையோடு எர்லி ஆக்சஸ் போட்டால், முடித்துவிட்டுத் திருப்பித் தருபவரைக் குறை சொல்ல முடியாது. நான் மூன்று அத்தியாயம் சேரும்வரை ஸ்டீம் பக்கமே போகவில்லை.

ஏழாம் படி: அறிவிப்பு

இரண்டு தேதியையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், எல்லோரும் பார்க்கும்படி சொல்லுங்கள். சந்தாதாரருக்கு ஒரு தேதி சொல்லிவிட்டுப் பொதுவில் ‘விரைவில்’ என்று போடுவதுதான் வாங்கியவரை எரிச்சலாக்குகிறது. அவருக்குக் காத்திருப்பது கஷ்டமில்லை, எத்தனை நாள் என்று தெரியாததுதான் கஷ்டம். நான் போடுவது இப்படி இருக்கும்:

“நான்காம் அத்தியாயம். ஆதரவாளர்களுக்கு ஜூன் 3, செவ்வாய். இட்சிலும் ஸ்டீமிலும் வாங்கியவர்களுக்கு ஜூன் 24, செவ்வாய். கதை இரண்டிலும் ஒன்றுதான். முதலில் வருவதில் பிழைகள் இருக்கலாம், இரண்டாவதில் அவை திருத்தப்பட்டிருக்கும். பழைய சேவ் வேலை செய்யும். மொத்தம் 12 டாலருக்கு மேல் கட்டிய ஆதரவாளர் யாரும் ஸ்டீமில் மறுபடி வாங்க வேண்டாம், கீ அனுப்புகிறேன்.”

கடைசி வரியைப் போட்ட மாதத்திலிருந்து அந்தக் கேள்வி எனக்கு வருவதே இல்லை.

எட்டாம் படி: வெளியிடும் மூன்று வாரம்

வெள்ளிக்கிழமை இரவு வெளியிடாதீர்கள். செவ்வாய் காலை நல்லது. கேம் உடைந்தால் திருத்த நான்கு நாள் கையில் இருக்கும். முதல் வாரம் பக் மட்டும். இரண்டாம் வாரம் எழுத்துப்பிழை, ஒலி அளவு, போனில் எழுத்து சின்னதாகத் தெரிவது போன்றவை. மூன்றாம் வாரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ‘சின்னதாக ஒரு வசனம் மாற்றலாமே’ என்று தோன்றும், அதில்தான் பொது பில்ட் விழும்.

பில்ட் கசியும். சந்தாதாரருக்குப் போன சில மணி நேரத்தில் எங்காவது இருக்கும். துரத்தி என்ன ஆகப் போகிறது? மூன்று வாரத்தில் எல்லோருக்கும் வரப்போவதுதானே. கசிவைப் பிடிக்கிறேன் என்று பூட்டு மேல் பூட்டுப் போட்டால் தலையில் அடித்துக்கொள்வது காசு கொடுத்தவர்தான்.

ஒன்பதாம் படி: எதுவும் வராத மாதம்

காய்ச்சல், பரீட்சை, கல்யாணம், மனசு சரியில்லை. வேலை நடக்காத மாதம் வரும். பேட்ரியனில் ஒரு மாத பில்லிங்கை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, கூசாமல் பயன்படுத்துங்கள். நான் நிறுத்திய மாதம் வருமானம் பூஜ்யம்தான், ஆனால் விலகியவர்கள் இரண்டே பேர். ஒன்றும் சொல்லாமல் காசு எடுத்த ஒரு மாதத்தில் ஒன்பது பேர் போயிருந்தார்கள்.

இதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. சந்தா மாதம் மாதம் வருவதால், முடிக்காமல் இருப்பதற்குத்தான் காசு வருகிறது. ஒரு அத்தியாயத்தை இரண்டாக வெட்டு, தேவையில்லாத ஒரு பாத்திரத்தைச் சேர், வாக்கெடுப்பு வை, கதையை நீட்டு. டிவி சீரியல் நீள்வது போலத்தான். வாங்கியவருக்கோ கேம் முடிந்தால்தான் அவர் கொடுத்த காசுக்கு அர்த்தம். இந்த இழுபறியில் கை எப்போதும் சந்தா பக்கம் சாயும், மாத வாடகை அங்கிருந்துதானே வருகிறது.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் இதற்கு விதிவிலக்கான உதாரணம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-லிருந்து அந்த கேமை இலவசமாகத் தந்து, நன்கொடையிலும் பின்னர் பேட்ரியனிலும் வாழ்ந்தார்கள். 2019-ல் சாக்கின் உடல்நிலையும் மருத்துவச் செலவும் யோசிக்க வைக்க, படங்களோடு ஒரு விற்பனைப் பதிப்பு வரும் என்று அறிவித்தார்கள். 2022 டிசம்பர் 6-ல் ஸ்டீமில் 30 டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் சில ஆயிரம், பதினைந்தாயிரம் டாலர் என்று வந்துகொண்டிருந்த அவர்கள் மாதக் கணக்கில் 2023 ஜனவரியில் காட்டிய தொகை 72 லட்சம் டாலருக்கு மேல். எனக்குப் பிடித்தது அந்த எண் இல்லை. பழைய எழுத்து வடிவப் பதிப்பை இன்றும் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பதினாறு வருடம் சோறு போட்டவர்களிடமிருந்து எதையும் பிடுங்காமல், புதிதாக வருபவரிடம் புதிய பொருளை விற்றார்கள்.

நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். கேமுக்கு எத்தனை அத்தியாயம் என்று ஒரு எண்ணைப் பொதுவில் எழுதி வையுங்கள். நான் ஆறு என்று எழுதினேன். நாலரையில் நிற்கும்போது எட்டாக்கலாமா என்று ஆசை வந்தது. அந்த ‘ஆறு’ பக்கத்தில் இருந்ததால் ஆறோடு நின்றேன்.

பத்தாம் படி: கடைசி வெளியீடு

முழுக் கேம் வரும் மாதத்துக்கு முன்பே பேட்ரியனிலிருந்து உறுப்பினர் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொருவரும் இதுவரை கட்டிய மொத்தத் தொகை ஒரு பத்தியில் இருக்கும். விலகியவர்களும் இருப்பார்கள். கேம் விலையைத் தாண்டியவர்களைப் பிரித்து எடுங்கள், அவர்களுக்கெல்லாம் கீ. இன்றைக்குச் சந்தாவில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம். விலைக்கு ஒன்றிரண்டு டாலர் குறைவாக நிற்பவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், அந்த இரண்டு டாலருக்காக ஒரு மின்னஞ்சல் விளக்கம் எழுதுவது அதைவிடச் செலவு.

கேம் முடிந்ததும் சந்தாப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கப் போகிறீர்களா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அடுத்த கேமுக்கு மாற்றுகிறீர்கள் என்றால், ‘இனி கட்டுவது அடுத்த கதைக்கு’ என்று ஒரு மாதம் முன்னதாக. பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், அது இயல்பு.

நான் பட்டியலை இறக்கியபோது மேலே சொன்ன எட்டு மாதக்காரர் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தார். கீயை அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது: நான் இரவே ஸ்டீமில் வாங்கிவிட்டேன், இந்தக் கீயைத் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று.